சூளையில் வெந்த சாம்பலும் ஒரு ஏக்கர் மல்லாட்டையும்: விருத்தாசலம் போய் வந்தது

போன வாரம் ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். குடும்பத்தோடு விருத்தாசலம் போகிறாராம். எப்படிப் போவது, பீங்கான் சாமான் எங்கே நன்றாக இருக்கும், எந்த மாதம் தோதுப்படும் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தார். புதிதாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். தட்டை, தோடு, சருகு எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலாக்கிப் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் வாங்காமல் சமாளிக்கலாமா என்று கேள்வி. விருத்தாசலத்தையும் சாம்பலையும் சேர்த்து என்னிடம் கேட்டவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு கேள்விக்கும் ஒரே பயணத்தில் பதில் இருக்கிறது. 1974 ஏப்ரல் கடைசியில் போனது. ஐம்பது வருஷத்துப் பழங்கதையைப் பயணக் கட்டுரை என்று போடுகிறாயே என்று முணுமுணுப்பவர்கள் தாராளமாக வேறு பதிவுக்குப் போகலாம். ரயில் இன்னும் அதே வழியில்தான் போகிறது. படம் கேட்காதீர்கள், அப்போது என்னிடம் கேமரா இல்லை.

அப்போது நான் விழுப்புரத்தில் ஸ்கூல் டீச்சர். என் தம்பி யூசுப் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சூளையில் நெருப்புப் பார்க்கிற வேலையில் இருந்தான். நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எப்போது சூட்டை ஏற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சின்ன ஓட்டை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஜொகராவைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜொகரா பிறந்த வீட்டில், அவள் அத்தாவோடு இருந்தாள். இவன் வார லீவுக்குப் போய் வருவான். இப்படி ஆளுக்கொரு பக்கம் இருப்பது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

ஜொகராவின் அத்தா காதர் மாமாவுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது, கிணற்றுப் பாசனம். அந்தப் பக்கம் மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலை. மல்லாட்டைக்கு மணிச்சத்து வேண்டும். அதற்கு எல்லோரும் சூப்பர் என்று சொல்கிற உரத்தைப் போடுவார்கள். அந்த வருஷம் உரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. விலையும் ஏறி, சரக்கும் கிடைக்காமல் ஜனங்கள் கடை வாசலில் நின்றார்கள். யூசுப் மாமாவிடம் போய், “எனக்கு ஒரு ஏக்கர் குடுங்க மாமா, சூப்பர் இல்லாம சாம்பல்லயே வெளய வச்சுக் காட்டறேன்” என்று கேட்டான்.

மாமா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அந்த ஒரு ஏக்கர் மற்ற இரண்டு ஏக்கரைப் போலவே விளைந்தால் மூன்றையும் யூசுப்பே பார்க்கலாம், சூளையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம். விளையவில்லை என்றால் மாமாவின் அக்கா மகன் வளைகுடாவில் பார்த்து வைத்திருக்கும் வேலைக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோகூட எடுத்தாகிவிட்டது. ஜொகரா அந்தப் போட்டோவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள். பிடுங்கும் நாளுக்கு நீயும் வா என்று தம்பி சொல்லியனுப்பினான். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் காலை பாசஞ்சர். டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய் என்று ஞாபகம். தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் கரி வண்டி உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பொம்பளை தனியாகப் போகிறாளே என்று எதிர் சீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, “நீங்க யார் கூடப் போறீங்க?” என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம் விருத்தாசலம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் செம்மண், முந்திரி, மறுபடி செம்மண். மணிமுத்தாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து பீங்கான் பேட்டைக்குக் குதிரை வண்டி. வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். ஒரு ரூபாய்க்கு மேல் காசு கிடையாது என்றேன்.

“டீச்சருங்களா நீங்க?”

“எப்படித் தெரியும்?”

“பேரம் பேசறப்பவே வெரல நீட்டி நீட்டிப் பேசறீங்களே. ஏறுங்க. பேட்டையில யாரு வூட்டு ஆளு?”

யூசுப்பின் பெயரைச் சொன்னேன். “அட, வெள்ளச் சாம்பல் பாயோட அக்காவா! அவுரு மூட்டைய நான்தாங்க பஸ்ஸுல ஏத்தி வுடுவேன். ஒரு மூட்ட கூட தவறாது” என்றார். ஊரே தம்பிக்குப் பேர் வைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் பேட்டைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது உடைசல் குவியல்தான். காது போன கப்பு, வாய் கோணிய ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, தலை இல்லாத பொம்மை எல்லாம் வேலி ஓரத்தில் கிடக்கும். அன்று யூசுப்பின் சூளையைத் திறந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து வந்த அனலில் என் முகம் எரிந்தது. அவன் ஆறடி உயரத்துக்கு வியர்வை ஊற்ற நின்றுகொண்டு, “அக்கா, இங்க வா, இதப் பாரு” என்று சூளையின் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனான்.

அவன் முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாமா நிலத்தில் ஒரு குழி. அறுவடைக்குப் பிறகு மிஞ்சுகிற கம்பந்தட்டை, எள்ளுக் கட்டை, மல்லாட்டைத் தோடு, முந்திரிச் சருகு எல்லாவற்றையும் அதில் போட்டு எரிப்பார்கள். வரும் சாம்பல் கருப்பும் பழுப்புமாக இருக்கும். மற்றவர்கள் அதை அப்படியே வாரிக் கொட்டுவார்கள். யூசுப்புக்கு அது பொறுக்கவில்லை. அதை மூட்டை கட்டி விருத்தாசலம் கொண்டுவருவான். பீங்கான் சாமான்களின் மேல் நெருப்பு நேராகப் படாமல் இருக்க அவற்றைச் சுடுமண் பெட்டிக்குள் அடுக்கிச் சூளையில் ஏற்றுவார்கள். விரிசல் விட்ட பழைய பெட்டிகளில் சாம்பலை நிரப்பி, காலியாகக் கிடக்கும் மூலையில் வைத்துவிடுவான். ஜாடியோடு ஜாடியாகச் சாம்பலும் வேகும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. திருப்தியில்லாவிட்டால் அடுத்த சூளையில் இன்னொரு தடவை வைப்பான்.

பெட்டியைத் திறந்து காட்டினான். வெள்ளை நிறத்தில் மைதா மாவு தோற்றது. அங்கங்கே கட்டி தட்டியிருந்ததை உடைத்து, இடித்து, சல்லடையில் சலித்து எடுத்தான்.

“ஒரு கருப்பு இருக்குதா பாருக்கா.”

“இல்லடா.”

“பச்ச மண்ணுல ஜாடி பண்ணி தண்ணி ஊத்துனா இன்னா ஆவும்? கரைஞ்சு பூடும். வெந்தாத்தான் அது ஜாடி. சாம்பலும் அப்பிடித்தான. இவனுங்க பச்சச் சாம்பல கொட்டிட்டு வெளயல வெளயலன்னு அழுவறானுங்க.”

அந்தப் பேட்டையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அங்கே வேகாதது என்றால் கழிவு. நன்றாக வெந்தது, வெள்ளையாக வந்தது என்றால் முதல் தரம். நாள் முழுக்க அந்தக் கண்ணோடு உட்கார்ந்திருப்பவனுக்குச் சாம்பலை மட்டும் வேறு மாதிரி பார்க்கத் தோன்றுமா?

“பயிர் எப்படிடா நிக்குது?” என்று கேட்டேன். சல்லடையைத் தட்டிவிட்டு, “கொஞ்சம் குட்டையாத்தான் இருக்குது. மேல பாத்து சொல்ல முடியாதுக்கா, மல்லாட்ட கீழ வெளயற சாமானாச்சே” என்றான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸைப் பிடித்தோம். அது கம்மாபுரம் வழியாகத்தான் போகும். பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் அறுபது காசு. கம்மாபுரத்தில் இறங்கி டீ குடித்தோம். கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா பாய், நாளைக்குப் புடுங்கறீங்களாமே? கப்பு வெளஞ்சிருக்குதா, சாஸரு வெளஞ்சிருக்குதா?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

“ரெண்டும்தான். செட்டா தரேன், வாங்கிக்குங்க” என்று யூசுப்பும் சிரித்தான். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டான். அங்கிருந்து ஊருக்கு இரண்டு மைல் நடை. வழியெல்லாம் அவன் என்னிடம் வளைகுடாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றுக்கு மோட்டார் வைப்பது, வரப்பில் தென்னை வைப்பது, சூளையில் மீந்த செங்கல்லைக் கொண்டுவந்து தனியாக ஒரு அறை கட்டுவது இதுதான் பேச்சு.

மறுநாள் விடிந்ததும் நிலத்துக்குப் போனோம். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு விவசாயம் தெரியாது என்றாலும். மாமாவின் இரண்டு ஏக்கர் எங்கேயோ அலைந்து வாங்கிப் போட்ட சூப்பரில் அடர்த்தியாக நின்றது. நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் யூசுப்பின் ஏக்கர். செடி சாண் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. இலையில் பளபளப்பு இல்லை, ஓரமெல்லாம் ஊதா படிந்து கிடந்தது. செடிகளுக்கு நடுவே தரையில் வெள்ளைப் பொடி அப்படியே தெரிந்தது. போட்ட சாம்பல் போட்டபடியே இருந்தது.

காதர் மாமா கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். என்னைப் பார்த்து, “வாம்மா, ரயிலு கூட்டமா?” என்று கேட்டார். பிறகு பிஸ்மி சொல்லி முதல் செடியை அவரே பிடுங்கினார். வேரில் இரண்டு காய், இரண்டும் உள்ளே பருப்பில்லாத பொக்கு. அடுத்த செடியில் ஒன்று. அதற்கடுத்ததில் பூவிலிருந்து மண்ணுக்குள் ஊசி மட்டும் இறங்கிக் காய் பிடிக்காமல் காய்ந்திருந்தது. மாமா கையைத் தட்டிக்கொண்டு ஆள்களைப் பார்த்து, “ம், புடுங்குங்க” என்றார். யூசுப் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவன் நிமிரவே இல்லை.

வேப்ப மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் ஜொகராவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை ஆய்ந்துகொண்டிருந்தது, கண் மட்டும் அவன் முதுகிலேயே இருந்தது. “அக்கா, நீங்க அத்தாகிட்ட பேசுவீங்களா? இன்னும் ஒரு பட்டம் பயிர் வைக்கக் குடுக்கச் சொல்லுங்களேன்” என்று மெதுவாகக் கேட்டாள். என்னத்தைக் காட்டிப் பேசுவது? நான் சும்மா தலையாட்டினேன்.

வெயில் ஏறிய நேரத்தில் வாய்க்கால் ஓரம் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். “இங்க வாங்க, இங்க வந்து பாருங்க!” எல்லோரும் ஓடினோம். அவள் கையில் ஒரு செடி. மண்ணோடு கொத்தாகக் காய் தொங்கியது. மாமா பக்கத்துச் செடியைப் பிடுங்கினார், அதுவும் அப்படியே. வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு மட்டும், ஒரு வீட்டு முற்றம் அளவு இருக்கும், கரும்பச்சையாக நின்றது. தண்ணீர் பக்கம் என்பதால் செழித்திருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்தபோது நினைத்திருந்தேன். ஆனால் அதே வாய்க்கால் ஓரத்தில் தள்ளி நின்ற செடிகள் மற்றதைப் போலவே சோனியாகத்தான் இருந்தன.

“இங்க இன்னாத்தப் போட்ட யூசுப்பு?”

“எல்லாத்துக்கும் ஒண்ணுதான் மாமா.”

மாமா காலால் மண்ணைக் கிளறினார். அடியில் கருப்புத் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஜொகரா மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. திருட்டில் மாட்டிக்கொண்டவள் மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

“அத்தா, திட்டாதீங்க. வெரைக்கற அன்னிக்கு வெள்ளச் சாம்பலு பத்தல. ஏரு வந்து நின்னுக்கினு இருந்துச்சு, இவரு சூளையில இருந்தாரு. நான்தான் குழியில கெடந்த கருப்ப வாரிப் போட்டேன். தெரியக் கூடாதுன்னு மேல மண்ணத் தள்ளி மூடிட்டேன்.”

“எது? பச்சச் சாம்பலா?” என்றான் யூசுப்.

“ஆமாங்க. வேகாதது.” அவள் குரல் எழும்பவில்லை. தான்தான் நிலத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று இத்தனை நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

மாமா இரண்டு கையிலும் இரண்டு செடியை வைத்துப் பார்த்தார், ஒன்று கொத்தாக, ஒன்று மொட்டையாக. அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. “அப்பன்னா சாம்பலு குத்தம் இல்லப்பா. வேக வச்சதுதான் குத்தம். யூசுப்பு, அடுத்த பட்டத்துக்குக் கருப்பையே போடு. மூணையும் நீயே பாத்துக்க. பயணத்துக்கு இப்ப இன்னா அவசரம்?” என்றார்.

ஜொகரா அழ ஆரம்பித்தாள், சந்தோஷத்தில்தான். நான்கூட அப்பாடா என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும்? ஆனால் யூசுப் அசையவில்லை. குனிந்து கருப்பு மண்ணை ஒரு பிடி அள்ளினான். அதைக் கையில் தேய்த்தான். பிறகு மாமாவைப் பார்க்காமலே சொன்னான்.

“வேணாம் மாமா. நான் போறேன்.”

“இன்னாடா பேசற?”

“நான் இருந்தா மறுபடியும் வேக வைப்பேன் மாமா. கருப்பப் பாத்துக்கினு சும்மா இருக்க என் கையால ஆவாது. நெலத்த ஜொகராவுக்குக் குடுங்க.”

அவன் வீம்புக்குச் சொல்கிறான் என்று எல்லோரும் நினைத்தோம். ராத்திரி சாப்பிட வைத்தால் சரியாகிவிடும் என்றார் மாமா. சரியாகவில்லை. இரண்டு நாள் கழித்து நான் ஊர் திரும்பும்போது கம்மாபுரம் பஸ் நிறுத்தம் வரை அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் நான் அவனை நன்றாகத் திட்டினேன். கிறுக்கா உனக்கு, தப்பு தெரிந்துபோனதே, திருத்திக்கொண்டு இருப்பதற்கென்ன, பெண்டாட்டியை விட்டுவிட்டு எங்கேயோ மணலில் போய் நிற்கப் போகிறாயா என்று. கேட்டுக்கொண்டே வந்தான்.

“சாம்பலுக்கு சக்தியே இல்லன்னு ஆயிருந்தா தாங்கிக்குவேன்க்கா. நான் ஒண்ணுமே பண்ணாம வுட்டிருந்தா வெளஞ்சிருக்குமாம். தூக்கம் முழிச்சு, மூட்ட சொமந்து, இடிச்சு, சலிச்சு நான்தான பாழாக்கினேன். அந்த மண்ணுல நான் எப்பிடிக்கா நிக்கறது?”

பஸ் வந்தது. “போயிட்டு வரேன்டா” என்று ஏறிவிட்டேன். அந்த ஆடி மாதமே அவன் பம்பாய் போய் அங்கிருந்து வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டான். அவன் கேட்டபடியே மாமா நிலத்தை ஜொகராவிடம் கொடுத்தார்.

அந்தச் சாம்பலுக்கு என்ன ஆனது என்று எனக்கு வருஷக்கணக்கில் புரியாமலே இருந்தது. பிறகு வேளாண்மை படித்த என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். செடியில் இருந்த மணிச்சத்து மிதமாக எரியும்போது சாம்பலில் வேருக்கு எட்டுகிற மாதிரி தங்குகிறது. பீங்கான் வேகிற சூட்டுக்குக் கொண்டுபோனால் சாம்பலில் உள்ள மணலும் சுண்ணாம்பும் உருகி, அந்தச் சத்தை உள்ளே வைத்துக் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. சத்து எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, வேருக்குத்தான் கிடைக்காது. யூசுப்பிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமலே விட்டுவிட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது?

இனி, மெயில் அனுப்பிய வாசகருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படுகிற விஷயங்கள். விருத்தாசலத்துக்குச் சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயில் நிறைய இருக்கிறது, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வேண்டாம், அந்தச் செம்மண் வெயிலைத் தாங்க மாட்டீர்கள். மார்கழி, தை நன்றாக இருக்கும். பெரிய கோயிலைக் காலையில் பார்த்துவிட்டுப் பேட்டைக்குப் போங்கள். ஜாடி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்காவிட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். கம்மாபுரம் பக்கம் போனால் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடுகள் தூரத்திலிருந்தே தெரியும். அங்கே ஏறி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அது யார் யாருடைய நிலமோ.

சாம்பல் விஷயம். மக்குகிற எதையும் எரிக்காதீர்கள், மக்க விடுங்கள். மக்காத கட்டை, தோடு, தட்டை இவற்றை மட்டும் காய வைத்து, குழியில் நிதானமான தீயில் எரியுங்கள். கருப்பும் பழுப்புமாக இருக்கும்போதே போதும். மழை படாமல் மூடி வையுங்கள், நனைந்தால் பாதிச் சத்து கரைந்து ஓடிவிடும். விதைப்பதற்கு முன் தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். யூரியா, அம்மோனியா உரங்களோடு சேர்த்துப் போட்டால் மூக்கைத் துளைக்கிற வாடையாகத் தழைச்சத்து பறந்துபோகும். களர் மண்ணுக்குச் சாம்பல் ஆகாது. நிலக்கரிச் சாம்பல் வேறு, செடிச் சாம்பல் வேறு, கலக்க வேண்டாம். சாம்பலில் மணிச்சத்து கொஞ்சம்தான், கடை உரத்தை முழுக்க நிறுத்திவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முக்கியமாக, வெள்ளையாக வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டாவது தடவை போனதையும் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

1979இல், தை கடைசியில், யூசுப் லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதே பாசஞ்சர், பஸ்ஸில் மட்டும் கட்டணம் ஏறியிருந்தது. இந்த ஐந்து வருஷமும் ஜொகரா கருப்புச் சாம்பலைப் போட்டு மூன்று ஏக்கரையும் நன்றாகவே பார்த்திருந்தாள். வருஷா வருஷம் மல்லாட்டை நன்றாகத் தேறியது என்று கம்மாபுரம் டீக்கடையிலேயே சொன்னார்கள். அவளைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. யூசுப் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான், நிலத்துப் பக்கம் மட்டும் போக மாட்டானாம். வீட்டில் ரேடியோ இருந்தது, ஃபாரின் போர்வை இருந்தது. அவன் தலையில் நரை வந்திருந்தது.

அந்த வருஷம் யாரும் விதைக்கவில்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று அளந்து கல் நட்டிருந்தார்கள். மாமாவின் மூன்று ஏக்கரும் அதில் அடங்கிவிட்டது. மாமா படுக்கையோடு இருந்தார், அவரிடம் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் யூசுப் வீட்டில் இல்லை. ஜொகரா என்னைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனாள். தூரத்திலேயே தெரிந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய குழியிலிருந்து கூடை கூடையாகக் கருப்புச் சாம்பலை வாரி வந்து, தரிசாகக் கிடந்த அந்த ஒரு ஏக்கரில் தூவிக்கொண்டிருந்தான். நட்ட கல்லைச் சுற்றிக்கூட விடாமல், விதைப்புக்குத் தூவுகிற மாதிரியே, கையை வீசி வீசித் தூவினான். கை, முகம், சட்டை எல்லாம் கருப்பு.

“எதுக்கு இது? போய்த் தடுக்கக் கூடாதா ஜொகரா? நாளைக்கு இதைத் தோண்டிப் போடப் போறாங்க” என்றேன்.

அவள் வரப்பை விட்டு நகரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போடட்டும் வுடுங்கக்கா. இந்த வாட்டி அவரு வேக வைக்கல.”